பக்கத்துத் தோட்டம்

தங்கமுத்துவின் வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும். சட்டை போட்டிருந்தால் தெரியாது. பனியனோடு குனிந்து மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடும்போது தெரியும். சத்தீஸ்கர் பக்கம் ஏதோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து இரும்பு ராடு தோளில் விழுந்தது. மீசை முளைக்காத வயதில், துளை போடும் ரிக் வண்டி ஏறியவன். சகதியில் நின்று ராடு மாட்டும் ஆளாக இருந்து, லீவர் பிடிக்கும் டிரில்லராக உயர்ந்தவன். தோள் போனதும் வண்டிக்காரர் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார். “நல்லா ஆன பொறவு வா சாமி” என்றார். நன்றாக ஆகித் திருச்செங்கோட்டுக்குப் போய் அவர் ஆபீஸ் வாசலில் நின்றான். வண்டியில் ஆள் நிறைந்திருக்கிறது என்று உள்ளிருந்து சொல்லியனுப்பினார்கள்.

அதற்கப்புறம் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கும் வீட்டோடு தங்கிவிட்டான். இரண்டு கறவை மாடு இருந்தது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றினான். அவன் மனைவி நர்மதா சின்னண்ணன் என்பவரின் குடோனில் துண்டுத் தறி ஓட்டினாள். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால் வீட்டிலும் அவள் குரல் உரக்கத்தான் வரும். தங்கமுத்து பேசுவது குறைந்துபோனது. ஊரில் அவனை ‘டிரில்லரு’ என்று கூப்பிட்டவர்கள் மெல்ல மெல்ல ‘பால்காரரு’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்கும் அவன் திரும்பிப் பார்த்தான்.

நர்மதாவுக்குத் தம்பி ஒருவன் உண்டு, பூபதி. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான். திருச்செங்கோட்டில் ரிக் சாமான் விற்கும் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருகிற வேலை. ஊரடங்கு போட்ட வருஷம் கடை மூடிக் கிடந்தபோது அக்காள் வீட்டில் வந்து தங்கினான். செய்வதற்கு ஒன்றுமில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பூபதி கேட்கக் கேட்கத் தங்கமுத்து போர் போட்ட கதையெல்லாம் சொன்னான். துளைக்கும் பிட்டு உடைந்தது, குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டது, தண்ணீர் வந்த சந்தோஷத்தில் தோட்டத்துக்காரன் கிடா வெட்டியது, ஒன்றுமே வராமல் தோட்டத்துக்காரன் மனைவி குழிமேட்டில் உட்கார்ந்து அழுதது. அதையெல்லாம் வைத்துப் பூபதி ஒரு சீட்டாட்டம் உண்டாக்கினான். ‘ஆழம்’ என்று பேர் வைத்து, அச்சடித்து விற்றான்.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கொரு போர். கையில் வரும் பைப்புச் சீட்டை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்க வேண்டும். இடையில் பாறை வரும், பிட்டு உடையும். யார் முதலில் தண்ணீரைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. ரிக் வண்டிக்காரர்கள் பொழுதுபோக்குக்கு வாங்கிப்போய் மத்தியப்பிரதேசம் வரைக்கும் கொண்டுபோனார்கள். தறிக்குடோனில், டீக்கடையில், கோழிப்பண்ணையில் எல்லாம் விளையாடினார்கள். தங்கமுத்துவை அந்த ஆட்டத்தில் ஜெயிக்க ஊரில் ஆள் இல்லை. சாயங்காலம் பாலை ஊற்றிவிட்டு அவன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் சுற்றி நின்று பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவன் மறுபடியும் டிரில்லர்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மல்லசமுத்திரத்தில் போட்டி வைத்தார்கள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஜெயிப்பவரின் படத்தை அடுத்த அச்சில், ஆட்டத்தில் வரும் டிரில்லர் சீட்டில் போடுவதாகப் பூபதி சொல்லியிருந்தான். தங்கமுத்து அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போட்டிக்கு முந்தின நாள் டவுனுக்குப் போய் முடி வெட்டி, மீசையை ஒதுக்கிக்கொண்டு வந்தான். நர்மதா பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்க, போட்டா எடுக்கறதுக்கா?”

“மாசியில புள்ளைக்குக் காது குத்தறமில்ல, அதுக்கு.”

“அதுக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குது. அதுக்குள்ள மொளைச்சிரும்.”

“மொளைச்சா மறுக்காப் போறன். போ, சோத்தப் போடு.”

மகள் அறிவுச்செல்விக்கு மூன்று வயது. குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். பூபதி தோடு செய்யச் சொல்லிவைத்திருந்தான்.

போட்டி நடந்தது ரிக் வண்டி நிறுத்தும் பெரிய தகரக் கொட்டகையில். தரையெல்லாம் டீசல் வாசம். கடைசி ஆட்டத்தில் தங்கமுத்துவுக்கு எதிரில் உட்கார்ந்தவன் மதன் என்கிற பையன். கெங்கவல்லிப் பக்கம், குச்சிக்கிழங்குக் காடு வைத்திருப்பவன். அமைதியான பிள்ளை. உட்காரும்போதே, “உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேண்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டான். நர்மதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாள்.

ஆட்டம் வெகுநேரம் இழுத்தது. இருவர் முன்னாலும் பைப்புச் சீட்டு நீளமாக இறங்கியிருந்தது. மதன் ஒரு பைப்பு கூடுதலாக இறக்கிவிட்டு, அடுத்த கையில் ‘பக்கத்துத் தோட்டம்’ சீட்டைப் போட்டான். பக்கத்துத் தோட்டத்தில் ஆழமாகப் போர் விழுந்தால் ஆழம் குறைந்த போர் வற்றிப்போகும் என்பது கணக்கு. கொட்டகையில் ஒரு ‘உஸ்’ எழுந்தது. தங்கமுத்து பதறவில்லை. வற்றியது வற்றியதுதான், ஆனால் இறக்கிய பைப்பையெல்லாம் மறுபடி கையில் எடுத்துக்கொண்டால் அடுத்த குழியை மளமளவென்று இறக்கிவிடலாம். எத்தனையோ முறை அப்படி ஜெயித்திருக்கிறான். சீட்டுகளை வாரக் கையை நீட்டினான். மதன் மெதுவாக அவற்றின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

“அண்ணே, அது எனக்கு வரணும்.”

“எது தம்பி?”

“பைப்பு. பக்கத்துத் தோட்டம் போட்டவன்தானே பைப்ப எடுக்கணும்.”

தங்கமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. “என்ற போரு வத்திப்போச்சு, ஒத்துக்கறன். நான் எறக்குன பைப்பு என்றது. அதையும் நீ எப்பிடித் தம்பி தூக்கிட்டுப் போவ?”

“எங்க பக்கம் அப்படித்தாண்ணே ஆடுவோம். தம்மம்பட்டி, ஆத்தூரு, எல்லா இடத்திலயும் அப்படித்தான்.”

“எங்கூர்ல எவனும் அப்பிடி ஆடமாட்டானே.”

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொன்று பேச ஆரம்பித்தார்கள். கிழக்கே இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், இந்த ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். மைக்கை வைத்துக்கொண்டு நின்ற பூபதியைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து சீட்டை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான்.

“‘ஆழம் குறைந்த போர் வற்றும். இறக்கிய பைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.’”

“யாரு எடுத்துக்கலாம்னு போட்டிருக்குது?” என்று ஒருவர் கேட்டார்.

“அது போடலைங்க.”

“திரும்பன்னு இருக்குதில்ல மாப்ள,” என்றான் தங்கமுத்து. “எறக்குனவன்தானப்பா திரும்ப எடுக்க முடியும்? கொடுக்காதவன் திரும்ப வாங்குவானா?”

மதன் பெட்டிக்குள் இருந்த விதித்தாளை எடுத்து நீட்டினான். “இதுல பாருங்கண்ணே. ‘ஒவ்வொரு சீட்டிலும் உள்ள சொல் அதைப் போட்டவருக்கே’ன்னு இருக்கு. போட்டது நான்.”

அந்த வரி அங்கே இருந்தது உண்மைதான். 

 அந்தச் சீட்டு எழுதிய நாள் நர்மதாவுக்கு நேற்றுப்போல் நினைவிருந்தது. பூபதி முதலில் எழுதியது ‘போர் வற்றியவர் தன் பைப்புகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்’ என்றுதான். சீட்டில் இடம் பற்றவில்லை. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளிடம், எதை எடுக்கலாம் அக்கா என்று கேட்டான். “யாருன்னு எதுக்கு எழுதற, பைப்பு யார்ருதோ அவன்தான எடுப்பான், அதக் கழட்டிப் போடு” என்று அவள்தான் சொன்னாள். சொல்லிக்கொடுத்தது தங்கமுத்து. எழுதியது பூபதி. வெட்டியது அவள்.

குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். தறிக்குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது.

“ஏண்டா பூபதி, மொதல்ல ‘போர் வத்தினவரு’ன்னுதானடா எழுதியிருந்த? எடம் பத்தலைன்னு நான்தான எடுக்கச் சொன்னேன்? அதச் சொல்லு.”

கிழக்கத்தி ஆட்களில் ஒருவர் சிரித்தார். “ஊட்டுக்காரிய சாட்சிக்குக் கூப்பிட்டா ஊட்டுக்காரருக்குத்தான் சொல்லும்.” எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊர்க்காரர்களும் சிரித்தார்கள்.

நர்மதா தம்பியின் முகத்தையே பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் அக்காளைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தபடி மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

“யாரு என்ன நெனச்சு எழுதினாங்கங்கறது இப்பப் பேச்சில்லைங்க. சீட்டுல என்ன இருக்குதோ, தாள்ல என்ன இருக்குதோ அதுதான். பைப்பு, சீட்டைப் போட்டவருக்கு.”

கிழக்குப் பக்கம் விசில் பறந்தது. தங்கமுத்து கையில் மிச்சமிருந்த சீட்டுகளை அடுக்கி, கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தான். ஆட்டம் முடிய இன்னும் இரண்டு கை இருந்தது. அதை ஆட அவன் உட்காரவில்லை. மதன் எழுந்து, “அண்ணே, உக்காருங்கண்ணே, முடிச்சிரலாம்” என்று பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான். தங்கமுத்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தான். அந்தப் பையன் மேல் அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நர்மதா குழந்தையோடு பின்னால் நடந்தாள். சோளத்தட்டு அறுத்த காட்டில் காற்று சருகை உருட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தங்கமுத்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பால் கறக்கப் போனான். நர்மதா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் விட்டுப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டினாள். அவனுக்குப் போட்ட வட்டிலில் சோறு ஆறிக்கொண்டே இருந்தது.

“சாப்புடுங்க.”

“உன்ற தம்பி என்ன கேட்டா நான் சொல்ல மாட்டேன்னேன்? வேப்பமரத்தடியில உக்காந்து என்ற பொழப்பயே கொட்டிக் கொடுத்தன். அதுல எந்தப் பைப்பு யார்ருதுன்னு எனக்கே மைக்குல சொல்றான்.”

“நான் பேசினனுங்களே.”

“நீ பேசின. நீ ஒருத்திதான் பேசின. உன்னயப் பாத்து ஊரச் சிரிக்க வெச்சுப்போட்டான் பாரு, அதுதான் எனக்கு ஆவுல.”

பூபதி ஒரு வாரம் கழித்து வந்தான். காலை வெயில் இன்னும் ஏறவில்லை. பனி ஈரம் வைக்கோல் போரில் மின்னியது. நர்மதா களத்தில் உட்கார்ந்து நிலக்கடலைக் கொடியில் காய் பறித்துக்கொண்டிருந்தாள். வந்தவன் எதிரில் குந்தி அவனும் பறிக்க ஆரம்பித்தான்.

“அக்கா, எம்மேல கோவமா?”

“நான் சொன்னது பொய்யாடா?”

“இல்லக்கா.”

“அப்பறம் ஏன்டா வாயத் தெறக்கல?”

“தெறந்திருந்தா? அக்கா சொல்றா, தம்பி ஆமாங்கறான், மச்சான் செயிக்கிறாரு. அடுத்த வருசம் ஆத்தூர்ல இருந்து ஒருத்தன் வருவானா? குடும்பத்துக்குள்ளயே பங்கு போட்டுக்கிறாங்கன்னுதான் பேசுவான். ஆட்டமே செத்துப்போயிருக்கும்க்கா.”

“அப்ப ஆட்டத்துக்காவப் பொய் சொன்ன.”

“பொய் சொல்லல. எழுதினதப் படிச்சேன்.”

நர்மதா கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தாள். “மதனுக்கு எதிர்ல உன்ற மச்சான் இல்லாம வேற எவனாவது உக்காந்திருந்தா, எழுதினதப் படிச்சிருப்பியா, நெனச்சதச் சொல்லியிருப்பியா?”

 பூபதி ஒரு காயை உடைத்து, பருப்பைத் தின்னாமல் உள்ளங்கையில் உருட்டினான். “நெனச்சதச் சொல்லியிருப்பன்,” என்றான் கடைசியில்.

“அப்ப மச்சானா இருந்ததுதான் அவருமேல தப்பு.”

மாட்டுக் கொட்டகைக்குள் தங்கமுத்து இருந்தது இருவருக்கும் தெரியாது. சாணிக்கையோடு வெளியே வந்தான். பூபதி எழுந்து நின்றான்.

“மச்சான், நான் வேணும்னு பண்ணலைங்க. ஒன்னு சொல்றன், கேளுங்க. டிரில்லர் சீட்டு ரெண்டு அடிக்கலாம். ஒன்னுல மதன். இன்னொன்னுல உங்க படம். யாரும் கேக்க மாட்டாங்க.”

தங்கமுத்து கைச் சாணியை வழித்துப் போட்டான்.

“மாப்ள, நான் செயிச்சிருந்தா போட்டிருக்கலாம். தோத்தவன் படத்த மாமன் மச்சான்னு போடறது எதுல சேத்தி? நீதான நாயம் பேசறவன், நீயே சொல்லு.”

“மச்சான்...”

“காதுகுத்துக்கு நீ வரவேண்டாம். புள்ளைக்கு மடி குடுக்க வேற ஆளப் பாத்துக்கறன்.”

பூபதி அக்காளைப் பார்த்தான். அவள் குனிந்து கடலை பறித்துக்கொண்டிருந்தாள். அவன் வண்டிச் சத்தம் தடம் தாண்டிப் போன பிறகும் தலையைத் தூக்கவில்லை.

மாசி பிறந்தது. பத்திரிகை அடிக்க வேண்டியிருந்தது. நர்மதாவின் சித்தப்பன் மகன் கந்தவேல் ராசிபுரத்தில் இருந்தான்; முறைக்கு அவனும் தாய்மாமன்தான். அவன் பேரைப் போடச் சொன்னான் தங்கமுத்து. “உன்ற தம்பி பேரு அதுல வரக்கூடாது.”

நர்மதா சரி என்று அச்சாபீசுக்குப் போனாள். தம்பி மேல் அவளுக்கு இருந்த ஆத்திரம் புருஷனுக்கு இருந்ததைவிட அதிகம். ஊரே சிரித்தபோது அவன் குனிந்துகொண்டது அவளைத்தான் அறுத்தது. ஆனாலும் அச்சாபீசில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்கும்போது கந்தவேல் என்று எழுதக் கை வரவில்லை. ‘தாய்மாமன் மடியில் அமர்த்திக் காதணி விழா’ என்று மட்டும் எழுதினாள். பேர் போடவில்லை. பூபதி பேர் இல்லை. அதனால் புருஷன் சொல் மீறாமல் நின்றது. வேறு பேரும் இல்லை. அதனால் அந்த இடம் காலியாக நின்றது. கூப்பிடாமல் வருவதற்கு ஒருவனுக்கு வழி வேண்டுமென்றால் அது போதும் என்று நினைத்தாள்.

மாதிரித் தாளைத் தங்கமுத்து விரலை ஓட்டிப் படித்தான். அந்த வரியில் விரல் நின்றது. 

“செரி, அடிக்கச் சொல்லு,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

திருச்செங்கோட்டுக்குப் போன தறிக்குடோன் சின்னண்ணனிடம் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகையைத் தம்பிக்குக் கொடுத்தனுப்பினாள். போனில் கூப்பிடவில்லை. வாய்விட்டுக் கூப்பிட்டால் கட்டியவனை ஏமாற்றியதாகும். அதோடு, அவனாக வரட்டும் என்றும் இருந்தது.

காதுகுத்தன்று கோயில் மரத்தடியில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். வெயில் காலையிலேயே சுட்டது. அறிவுச்செல்விக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. புதுப் பாவாடை கட்டி, யாரைப் பார்த்தாலும் மொட்டையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆசாரி ஊசியையும் நெல் குவித்த தட்டையும் எடுத்து வைத்துவிட்டு, “தாய்மாமன் யாருங்க, உக்காரச் சொல்லுங்க” என்றார்.

கந்தவேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். தங்கமுத்து அவனைப் பார்த்து, “செத்த இரு மாப்ள” என்றான். ஆசாரியிடம், “இன்னுஞ்செத்த போவட்டுமுங்க. சனம் இன்னும் வரணுமுங்க” என்றான்.

வரவேண்டிய சனமெல்லாம் வந்துவிட்டிருந்தது. நர்மதா புருஷனைப் பார்த்தாள். அவன் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்ந்த தோளோடு, அடுப்புப் புகை கண்ணில் படுகிற இடத்தில், நகராமல் நின்றான். ஆசாரி இன்னொரு முறை கேட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி சொன்னார்.

நர்மதா கோயிலுக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தாள்.

“எங்கடா இருக்கற?”

“கடையிலக்கா.”

“பத்திரிகை வல்லியா?”

“வந்துச்சு.”

“வந்தும் கடையில உக்காந்திருக்கறயா?”

“என்ற பேரே இல்லையேக்கா அதுல.”

“தாய்மாமன்னு இருக்குதேடா. அது யாரு?”

“யாருன்னு போடலையேக்கா. மச்சான் வரவேண்டாம்னு வாயால சொன்னாரு. அப்பறம் பேரும் இல்ல. எழுதியிருக்கறதப் பாத்து நான் எப்பிடி எடுத்துக்கறது?”

“கந்தவேல் பேரு இருந்துச்சா?”

“இல்ல.”

“வேற எவன் பேராச்சும் இருந்துச்சா?”

போனுக்குள் கடைத்தெருவின் சத்தம் மட்டும் கேட்டது.  “அக்கா,” என்றான்.  “அக்கா, எனக்காவவா நீ பேரு போடாம விட்ட... நான் இப்பவே கெளம்பறன். வண்டியில வந்தா செத்த நேரத்துல வந்தர்றன். மச்சானக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.”

தங்கமுத்து கோயில் மூலையில் வந்து நின்றுகொண்டு அவளையே பார்த்தான்.  இன்னும் நேரம் வேண்டும் என்று அவள் ஒரு கையசைத்தால் ஆசாரியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைப்பான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

மைக்கைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்ற தம்பியின் உச்சந்தலை நர்மதாவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. அன்றைக்கும் அவன் எழுதியிருந்ததைத்தான் பார்த்தான், அக்காளைப் பார்க்கவில்லை.

“வேண்டாம்டா,” என்றாள். “நீ கடையப் பாரு.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனிடம் வந்தாள். “அவனுக்குத் தோதுப்படாதாமுங்க.”

“அப்பிடியா சொன்னான்?”

“அப்பிடித்தான் சொன்னான்.”

 “வரமாட்டான்னு எனக்குத் தெரியும்” என்றான் தங்கமுத்து. திரும்பிப் போய், “கந்தவேலு, வா மாப்ள, உக்காரு” என்று உரக்கக் கூப்பிட்டான்.

ஊசி இறங்கியபோது அறிவுச்செல்வி கோயில் அதிரக் கத்தினாள். பெண்கள் சுற்றி நின்று வாழைப்பழத்தைக் காட்டினார்கள், மணியை ஆட்டினார்கள். அவள் கைகால்களை உதறி, கடைசியில் கந்தவேலின் சட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது காதும் முடிந்தது. “ஆச்சு சாமி, ஆச்சு, மாமன் இருக்கறன்ல” என்று அவன் மொட்டைத் தலையைத் தடவினான். ஒருத்தி குனிந்து, “யாரு மடியில சாமி உக்காந்திருக்கற? சொல்லு, மாமா சொல்லு” என்றாள்.

குழந்தை விம்மலுக்கு நடுவே கந்தவேலின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. “மாமா,” என்றது.

நர்மதா முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள் என்று குரல் வந்தது. சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.